நிரலும் எளிமையும்

நுழையும்முன்

வெட்டிய குளம் தூர்வாரப்படாவிடில் மேடாகும். எழுதிய மென்பொருளின் நிலையும் அதுவே. ஆண்டுதோறும் சேரும் சிக்கல் அதன் பயனைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடுகிறது. அச்சிக்கலை எவ்வாறு அளப்பது, எவ்வாறு குறைப்பது, குறைக்கும் பணிக்கு உரிய மதிப்பை ஏன் அளிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிரலின் வாழ்நாள்

கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். பல நிரல்கள் இணைந்து மென்பொருளாகின்றன. தொடர்வண்டி முன்பதிவு, வங்கிக் கணக்கு, மின்கட்டணம், தேர்வு முடிவு என அன்றாட வாழ்வின் பணிகள் பலவும் இன்று நிரல்களின் துணையோடு நடைபெறுகின்றன.

நூல் ஒன்று அச்சேறியதும் அதன் ஆசிரியரின் பணி பெரும்பாலும் நிறைவடைகிறது. நிரலின் வாழ்வோ பயன்பாட்டுக்கு வந்த பின்னரே தொடங்குகிறது. வரி விகிதம் மாறினால் நிரலும் மாற வேண்டும். சட்டம் திருத்தப்பட்டாலும், புதிய கருவி வந்தாலும், பயன்படுத்துவோர் பெருகினாலும் அதற்கேற்ப நிரலைத் திருத்தியாக வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய இயக்க மென்பொருள் ஒன்றின் வளர்ச்சியை ஆராய்ந்த மெய்ர் லேமன், 1974ஆம் ஆண்டு முதல் மென்பொருள் வளர்ச்சிக்கான விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கவை. பயன்பாட்டில் உள்ள மென்பொருள் இடைவிடாது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் அதன் பயன் குன்றும் என்பது ஒன்று. அவ்வாறு மாறும்போது, குறைப்பதற்கெனத் தனி முயற்சி மேற்கொள்ளாவிட்டால் அதன் சிக்கல் பெருகும் என்பது மற்றொன்று.

இவ்விரு விதிகளையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நிரலை இயக்குவது கணினி, திருத்துவது மனிதர். திருத்துவதற்கு முன் அதனைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதியவரே எந்நாளும் அங்கிருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் முன்பின் அறியாத ஒருவர் அதே வரிகளின் முன் அமர்ந்திருப்பார். ஆகவே நிரலை எளிமையாக எழுதுவதும் எளிமையாகப் பேணுவதும் பின்வருவோர்க்குச் செய்யும் கடமையாகும்.

அகற்றப்படாத வரிகள்

சிக்கலான நிரலும் இயங்கத்தானே செய்கிறது, அதனால் என்ன கேடு என்னும் வினா எழலாம். இரு நிகழ்வுகள் இதற்கு விடை கூறும்.

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகள் இணைந்து உருவாக்கிய ஏரியன் 5 ஏவூர்தி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாக விண்ணில் ஏவப்பட்டது. ஏறத்தாழ 40 நொடிகளில் அது வெடித்துச் சிதறியது. அதனுடன் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. முந்தைய ஏரியன் 4 ஏவூர்திக்காக எழுதப்பட்ட நிரற்பகுதி ஒன்று புதிய ஏவூர்தியிலும் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் வேகம் மிகுதியானதால், அப்பகுதி கணக்கிட்ட எண் அதற்கென ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. ஏரியன் 5 தரையை விட்டு எழுந்தபின் அந்தக் கணக்கினால் அதற்கு யாதொரு பயனும் இல்லை என்பதே இதில் வருந்தத்தக்க செய்தி.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள், அமெரிக்கப் பங்குச்சந்தையில் வணிகம் செய்த நைட் கேப்பிட்டல் நிறுவனம் 44 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை ஏறத்தாழ 45 நிமிடங்களில் இழந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே பயன்பாட்டை இழந்த நிரற்பகுதி ஒன்று அதன் கணினிகளில் நீக்கப்படாமல் கிடந்தது. அப்பகுதியை இயக்குவதற்கு முன்னர்ப் பயன்பட்ட அதே குறியீட்டைப் புதிய நிரலுக்கும் பயன்படுத்தினர். எட்டுக் கணினிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டது. அந்த ஒரு கணினியில் பழைய பகுதி விழித்துக்கொண்டு, நிறுத்துவாரின்றிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆணையிட்டது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைய நேர்ந்தது.

இரு நிகழ்வுகளுக்கும் காரணங்கள் பல உண்டு. போதிய சோதனை நிகழாமையும் அவற்றுள் ஒன்று. எனினும் தேவையற்ற வரிகள் அகற்றப்படாமல் தங்கியிருந்தன என்பது இரண்டுக்கும் பொதுவானது. பயனற்ற நிரல் தீங்கற்றதும்கூட என்று எண்ணுவது பிழை.

இருவகைச் சிக்கல்

மென்பொருள் துறை தன் இடர்ப்பாட்டை உணர்ந்த ஆண்டு என 1968ஐக் கூறலாம். அவ்வாண்டில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மாநாடு, பெருகிவரும் மென்பொருள் சிக்கலை விரிவாக ஆராய்ந்தது. அதே ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, நிரலின் ஓட்டத்தை நினைத்த இடத்துக்குத் தாவச் செய்யும் 'கோ டூ' கட்டளையின் தீமையை எடுத்துரைத்தார். அங்குமிங்கும் தாவும் நிரலைப் படிப்பவர் எந்த இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை மனத்தில் தொடர இயலாது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பிரெடரிக் புரூக்ஸ் 1986ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இச்சிக்கலை இரண்டாகப் பகுத்தார். தீர்க்க வேண்டிய சிக்கலின் இயல்பிலேயே அமைந்தது முதல் வகை. வருமான வரி விதிகள் பலவாக இருப்பின், அவற்றைக் கணக்கிடும் நிரலும் ஓரளவு சிக்கலாகவே இருக்கும். இதனை நீக்க இயலாது; ஓரிடத்தில் ஒழுங்குபட வைக்கலாம். எழுதும் முறையாலும் கருவிகளாலும் வந்து சேர்வது இரண்டாம் வகை. பொருளற்ற பெயர்கள், ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய நிபந்தனைகள், நகலெடுத்து ஒட்டிய பகுதிகள் ஆகியன இவ்வகையைச் சாரும். இவை மனிதர் கொண்டுவந்தவை, மனிதரால் நீக்கத்தக்கவை.

சிக்கலை அளத்தல்

நிரலை அளக்க முற்பட்டோர் முதலில் கையாண்டது வரிகளின் எண்ணிக்கை. எண்ணுவதற்கு எளிது என்பதைத் தவிர அதற்குச் சிறப்பு இல்லை. 1982ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தில் லிசா என்னும் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. பொறியாளர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் எழுதிய வரிகளைப் படிவத்தில் குறிக்குமாறு மேலாளர்கள் பணித்தனர். பில் அட்கின்சன் என்னும் பொறியாளர் அவ்வாரத்தில் படம் வரையும் நிரலின் ஒரு பகுதியை எளிய முறையில் மாற்றி எழுதியிருந்தார். அதனால் அப்பகுதி ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவாக இயங்கியது. சுமார் 2,000 வரிகளும் குறைந்தன. அவர் படிவத்தில் −2,000 என்று எழுதினார். சில வாரங்களுக்குப் பின் அப்படிவத்தை நிரப்புமாறு அவரிடம் எவரும் கேட்கவில்லை.

வரியை எண்ணுவதினும் நுட்பமான அளவையை 1976ஆம் ஆண்டு தாமஸ் மெக்கேப் வெளியிட்டார். சைக்ளோமேட்டிக் சிக்கலெண் என்பது அதன் பெயர். இங்கு அதனைச் சிக்கலெண் எனச் சுருக்கமாகக் குறிக்கலாம். நிரலின் ஓர் அலகாகிய செயற்கூறில் எத்தனை இடங்களில் வழி பிரிகிறது என்பதை எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் சிக்கலெண் கிடைக்கும். நிபந்தனையும் மடக்கும் வழி பிரியும் இடங்களாகும்.

நூலகம் ஒன்றில் தாமதமாகத் திரும்பிய நூலுக்குக் கட்டணம் கணக்கிடும் செயற்கூறை எண்ணிப் பார்க்கலாம். வாசகர் மாணவரா? இடையில் விடுமுறை வந்ததா? வேறொருவர் அந்நூலுக்காகக் காத்திருக்கிறாரா? அது அரிய நூலா? வினாக்கள் நான்கு, ஆகவே சிக்கலெண் ஐந்து. இதன் அடிப்படைப் பாதைகளைச் சோதிக்க ஐந்து சோதனைகளேனும் தேவை என்பதை அவ்வெண் உணர்த்துகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் 'ஆம்', 'இல்லை' என இரு விடைகள் உண்டு. எனவே நான்கு வினாக்களின் விடைகள் 16 வகையில் இணையலாம். வினாக்கள் 10 ஆனால் அவ்வகைகள் 1,024 ஆகும். 20 ஆனால் 10,48,576 ஆகும். ஒவ்வொரு முறையும் 'ஒரே ஒரு நிபந்தனைதானே' என்று சேர்க்கப்படுவது எங்குச் சென்று முடிகிறது என்பதை இக்கணக்கு காட்டும்.

ஒரு செயற்கூறுக்கு 10 என்பதைத் தக்க மேல்வரம்பாக மெக்கேப் கருதினார். அது மந்திர எண் அன்று என்பதையும் அவரே குறிப்பிட்டார். நிரலில் உள்ள குறிகளையும் மதிப்புகளையும் எண்ணும் வேறொரு முறையை மாரிஸ் ஹால்ஸ்டெட் 1977இல் நூலாக வெளியிட்டார். அண்மைக் காலத்தில், நிபந்தனைக்குள் நிபந்தனை அடுக்கப்படுந்தோறும் மதிப்பெண்ணை உயர்த்தும் அளவைகளும் வழக்கில் உள்ளன. பக்கத்தில் பக்கமாக நிற்கும் நான்கு நிபந்தனைகளைக் காட்டிலும், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நான்கு நிபந்தனைகள் படிப்பவரை மிகுதியாக வருத்தும் என்பதே அவற்றின் அடிப்படை.

எண்ணின் எல்லை

உடல் வெப்பத்தைக் காட்டும் கருவி நோயை ஆற்றாது. ஆயினும் அக்கருவியின்றி மருத்துவம் பார்ப்பாரும் இல்லை. சிக்கலெண்ணின் இடமும் அதுவே. எங்கு நோக்க வேண்டும் என்பதை அது சுட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை அறிவே முடிவுசெய்ய வேண்டும்.

அளவையையே இலக்காக்கினால் அது நல்ல அளவையாக நிலைக்காது என்னும் கருத்துக்குப் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயர் வழங்குகிறது. எண்ணை 10க்குக் கீழ்க் கொணர வேண்டும் என்று மட்டும் ஆணையிட்டால், ஒரு செயற்கூறைப் பொருளின்றி மூன்றாக வெட்டிவிடலாம். எண் குறையும், படிப்பவரோ மூன்று இடங்களுக்கு அலைய நேரும். பெயர் பொருத்தமாக உள்ளதா என்பதைச் சிக்கலெண் அறியாது. மாறி ஒன்றுக்கு 'அ1' என்று பெயரிட்டாலும் 'தாமத நாள்கள்' என்று பெயரிட்டாலும் அதற்கு ஒன்றே. படிப்பவருக்கு ஒன்றன்று.

குறைக்கும் நெறிகள்

மனித நினைவின் எல்லையே எளிமைக்கான நெறிகளின் தோற்றுவாய். உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர், ஒருவர் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தத்தக்கவை ஏறத்தாழ ஏழு என்று 1956இல் எழுதினார். லினக்ஸ் இயக்க மென்பொருளின் கருவினை எழுதுவோர்க்கான நடைக்குறிப்பும் இவ்வெல்லையைக் கருத்திற்கொண்டே, ஒரு செயற்கூறில் மாறிகள் ஐந்து முதல் பத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறது. நிபந்தனைகள் மூன்று அடுக்குக்கு மேற்சென்றால் நிரலைத் திருத்தியமைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. நாசாவுக்காக விண்கலங்களை வடிவமைக்கும் ஆய்வகத்தின் அறிஞர் ஜெரார்டு ஹோல்ஸ்மேன் 2006இல் வெளியிட்ட பத்து விதிகளுள், ஒரு செயற்கூறு அச்சிட்ட ஒரு தாளில், அதாவது ஏறத்தாழ 60 வரிகளில், அடங்க வேண்டும் என்பதும் ஒன்று.

இவற்றின் வழியே சில நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, ஒரு செயற்கூறு ஒரு செயலையே செய்தல் வேண்டும். கட்டணத்தைக் கணக்கிடுவதும் கடிதம் அனுப்புவதும் ஒரே இடத்தில் கலந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று பழுதுபடும்.

இரண்டாவது, நிபந்தனைகளாகப் பெருகுபவற்றுள் பலவற்றை அட்டவணையாக்கலாம். மாணவர், ஆசிரியர், மூத்த குடிமக்கள் என வாசகர் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை எழுதுவதற்கு மாறாக, வகையையும் கட்டணத்தையும் ஓர் அட்டவணையில் வைத்தால் போதும். புதிய வகை சேரும்போது அட்டவணையில் ஒரு வரிசை கூடும், சிக்கலெண் கூடாது.

மூன்றாவது, ஒரே கணக்கு இரண்டு இடங்களில் இருத்தல் ஆகாது. ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தை மறப்பது மனித இயல்பு. கூறியது கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என இலக்கண நூலார் நூலுக்கு வகுத்த குற்றங்கள் நிரலுக்கும் பொருந்துவதை இங்கே காணலாம்.

நான்காவது, பயனற்ற வரிகளை நீக்க வேண்டும். என்றேனும் தேவைப்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கருவிகள் இன்று எங்கும் பயன்பாட்டில் உள்ளன.

ஐந்தாவது, மாற்றும் முன் சோதனை எழுத வேண்டும். இப்போது நிரல் என்ன விடை தருகிறது என்பதைச் சோதனைகளால் உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பின்னும் அதே விடை வருகிறதா என்று சரிபார்த்தல் வேண்டும். புறத்தே தெரியும் செயலை மாற்றாமல் அகத்தே உள்ள அமைப்பைச் செம்மைசெய்யும் இம்முறைக்கு மறுசீரமைப்பு என்று பெயர். இதனை விளக்கி மார்ட்டின் ஃபௌலர் 1999இல் வெளியிட்ட நூல் நிரலாளரிடையே பெரிதும் பரவியது.

மறுப்பும் விடையும்

இவையனைத்தும் நல்லவையே, செய்வதற்கு நேரம் எங்கே என்று கேட்போர் உளர். இவ்வினா பொய்யான வினா அன்று. குறித்த நாளில் மென்பொருளை வழங்க வேண்டிய நெருக்கடி மெய்யானது. வார்டு கன்னிங்ஹாம் 1992இல் கூறிய உவமை இதற்கு விடையாகும். செம்மைப்படுத்தாத நிரலை அவர் கடனுக்கு ஒப்பிட்டார். கடன் வாங்குவது சில வேளைகளில் பயன்தரும். விரைவில் அடைத்துவிட்டால் கேடில்லை. அடைக்காமல் விட்டால் வட்டி பெருகும். புரியாத நிரலில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூடுதலாகச் செலவாகும் நேரமே அந்த வட்டி. நேரமில்லை என்று கூறி எளிமையைத் தள்ளிவைப்பவர், நாளைய நேரத்தையும் இன்றே செலவிடுகிறார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரலை எழுதித் தரும்போது மனிதர் ஏன் படிக்க வேண்டும் என்பது அண்மையில் எழுந்துள்ள வினா. எழுதுவது எளிதாகுந்தோறும் எழுதப்படும் நிரல் பெருகும். பெருகியது சரியா என்று பார்ப்பவரும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவரும் மனிதரே. ஒருவருக்கும் புரியாத நிரல் மருத்துவமனையிலோ வானூர்தியிலோ இயங்குவதை எவரும் விரும்பார். எனவே படித்தறியும் ஆற்றலின் தேவை இக்கருவிகளால் மிகுந்துள்ளதே அன்றிக் குறையவில்லை.

மதிப்பு அளிக்கப்பட வேண்டிய பணி

எளிமையாக்கும் பணி தழைக்காமைக்கு நேரமின்மையைக் காட்டிலும் ஆழமான காரணம் உண்டு. அப்பணி கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிய வசதியைச் சேர்த்தவரைப் பயனர் அறிவர், நிறுவனமும் பாராட்டும். ஆயிரம் வரிகளை நீக்கி, நாளை நேரவிருந்த பிழையைத் தடுத்தவருக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நேராத விபத்தை யார் பாராட்டுவார்?

அளவீட்டின் உண்மையான பயன் இவ்விடத்தில் வெளிப்படுகிறது. சிக்கலெண் 30ஆக இருந்த செயற்கூறு 8ஆகக் குறைந்தது, சோதனைகள் யாவும் முன்போலவே வெற்றி பெற்றன என்று காட்ட முடிந்தால், மறைந்திருந்த உழைப்பு வெளிச்சத்துக்கு வரும். பிறரைத் தண்டிக்கும் கோலாக எண்ணைப் பயன்படுத்துவதைவிட, பேணுவோரின் பணிக்குச் சான்றாகப் பயன்படுத்துவதே நன்று. பள்ளியில் நிரல் பயிலும்போதே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். விடை சரியாக வந்ததா என்பதோடு, அருகில் இருப்பவர் அந்நிரலைப் படித்து விளக்க முடிகிறதா என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்கலாம். வரிகளைக் குறைத்தும் அதே விடையைப் பெற்ற மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கலாம்.

குளத்தை வெட்டியவர் பெயர் கல்லில் நிற்கும். ஆண்டுதோறும் தூர்வாரியவர் பெயரை எவரும் பொறிப்பதில்லை. ஆயினும் வயலுக்கு நீர் பாய்வது இருவர் உழைப்பாலும்தான். வரும் தலைமுறை தாம் எழுதாத பல கோடி வரிகளைப் பெற்றுப் பேண வேண்டியிருக்கும். அவற்றைப் படிக்கத்தக்கனவாக ஒப்படைப்பதே இன்று எழுதுவோர் அத்தலைமுறைக்குச் செய்யும் முதல் உதவியாகும்.